முனையில் கொட்டிய சோப்புப் பூ

சோப்பில் பூ செய்வார்களா என்று வாயைப் பிளக்க வேண்டாம். செய்வார்கள். குளிக்க ஒன்று, துணிக்கு ஒன்று என்று வாங்கவே யோசிக்கிற ஊரில், பார்ப்பதற்கென்றே ஒரு சோப்பைச் செய்து, அதை ரோஜாவாக வளைத்துப் பெட்டியில் அடுக்கி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகைக்குள். வாங்குகிறவர்கள் அதைக் கம்பியில் குத்திக் கொத்தாகக் கட்டுவார்களாம், பரிசுக் கூடையில் சொருகுவார்களாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைவேலை நோட்டில் ஒட்டுவார்களாம். அதைத் தேய்த்து யாரும் குளித்ததாகத் தகவல் இல்லை.

கலைவாணி அங்கே இதழ் வெட்டுகிறவள். நிறமும் வாசனையும் சேர்த்துப் பிசைந்த சோப்பை மிஷின் சப்பாத்தி மாதிரித் தகடாகத் தள்ளும். அதன்மேல் இதழ் அச்சை வைத்து ஒரு அழுத்து. விழுந்த இதழை உள்ளங்கைச் சூட்டில் கொஞ்சம் வைத்திருந்து, விளிம்பைக் கரண்டி முதுகால் தேய்த்து மெலிதாக்கி, கட்டைவிரல்மேல் போட்டு வளைத்தால், செடியில் பூத்தது தோற்றுப்போகும். வளைப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பதை அவளே சொல்லிக்கொள்வாள், மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கிற ரகம் இல்லை.

மழை பிடித்துவிட்டால் இந்தத் தொழிலுக்கு ஆகாது. காற்றில் ஈரம் ஏறினால் இதழ்களுக்கு வேர்த்துவிடும். ஒன்றோடொன்று ஒட்டும், நிறம் கலங்கும். அப்படிக் கெட்டதையெல்லாம் சாக்கில் தட்டி, வேலை செய்கிற பெண்களையே எடுத்துப்போகச் சொல்லிவிடுவார்கள். சுனாமி வந்த மறு வருஷத்துக் கார்த்திகையில் மழை விட்டால்தானே! உப்பளம் என்கிற பகுதியில் கலைவாணி வீட்டுக் கட்டிலுக்கடியில் சாக்குகளுக்கு இடம் போதவில்லை. தன் வீட்டுத் துணி, பக்கத்து வீட்டுத் துணி எல்லாம் அந்த இதழ்களில்தான் வெளுத்தது. துணி ஊறவைக்கும்போதுகூட "ரெண்டு கை பூ போடு" என்றுதான் சொல்வாள். சோப்பு என்கிற நினைப்பு வாளித் தண்ணீரோடு சரி. மற்ற நேரமெல்லாம் அவளுக்கு அது பூ.

பக்கத்து வீடு பார்வதியுடையது. அவள் புருஷன் கலியபெருமாள் மில்லில் வேலை பார்த்தவன், மில் ஓடாமல் கிடந்த நாளில் குடித்துக் குடித்தே செத்தான். ஒரே பிள்ளை ராஜா. கலைவாணியின் மாமனார் ஆதிமூலம் அதே மில்லில் சங்கத்துக்காரர். அவர்தான் அலைந்து திரிந்து பார்வதிக்குப் பள்ளிக்கூடத்துச் சமையலில் ஒரு வேலை பிடித்துக்கொடுத்தார், ராஜாவை ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். பார்வதி அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். வெறும் வாய்ப்பேச்சுக்கு இல்லை, பெற்ற அப்பனுக்குக்கூட அவள் அப்படிக் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்க மாட்டாள்.

ராஜாவுக்கும் வேலை தட்டாஞ்சாவடியில்தான், ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில். தினமும் காலையில் கலைவாணியைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவான். "அத்தை, நீ ஏறி ஏறி வண்டியே ரோஸ் பவுடர் போட்ட மாதிரி மணக்குது. எனக்கு ஆளு செட்டாயிடுச்சின்னு கம்பெனியில பேசிக்கிறானுங்க" என்று வம்புக்கு இழுப்பான்.

"உன் மூஞ்சிக்கு சோப்பே செட்டாவாது, இதுல ஆளு வேறயா" என்பாள் அவள். அவனும் சிரிப்பான். பிள்ளை இல்லாத அவளுக்கு அவன் அந்த அளவுக்குப் பிள்ளை.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் ஆதிமூலம் டீ டம்ளரைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை. அவ்வளவுதான். எழுபதைத் தாண்டியவர். படுக்கையில் கிடந்து நாறாமல் போனாரே, அதுவே புண்ணியம் என்று தெரு ஆறுதல் சொல்லிக்கொண்டது. சனிக்கிழமையாகப் போய்விட்டதே என்பதுதான் எல்லோருக்கும் உறுத்தல்.

சனிக்கிழமைச் சாவு பின்னாலேயே இன்னொரு உயிரையும் இழுக்கும் என்பது அந்தத் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதற்குத்தான் பாடைக் காலில் ஒரு கோழியைக் கட்டி அனுப்புவது, இழுக்கிற உயிரை அதிலேயே எடுத்துக்கொள்ளட்டும் என்று. எதிர்வீட்டு மணியம்மாள் யாரும் சொல்லாமலேயே தன் கூட்டிலிருந்து ஒரு கோழியைப் பிடித்து, காலைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

ஆனால் செத்தது ஆதிமூலம் ஆயிற்றே! கருப்புச் சட்டை போட்டு வாழ்ந்த மனுஷன். மகனுக்கு இளம்பரிதி என்று தேடித் தேடிப் பெயர் வைத்தவர். "நான் செத்தா சடங்கு சாங்கியம் ஒண்ணும் கூடாது. தூக்கினமா, எரிச்சமா, வந்து அவனவன் வேலையப் பாத்தமான்னு இருக்கணும்" என்று போன பொங்கலுக்குக்கூடச் சொல்லியிருந்தார்.

"தம்பி, அவுரு கொள்கை அவுரோட. நாங்க இந்தத் தெருவுல குடியிருக்கணுமா, வாணாமா?" என்றாள் மணியம்மாள். "கால்மாட்டுல யாருக்கும் தெரியாம கட்டிட்டா முடிஞ்சிபோச்சி."

கலைவாணியின் புருஷன் இளம்பரிதி அதிர்ந்து பேசத் தெரியாதவன். அன்றைக்கு அழுது வீங்கிய கண்ணோடு, மெதுவாகத்தான் சொன்னான். "வாணாம்மா. அப்பா ஒத்துக்க மாட்டாரு. அவரு பேச்ச இன்னிக்கி ஒருநாள் நான் மீறினேன்னா, அப்புறம் நான் அவருக்கு என்னா புள்ள?"

மணியம்மாள் கோழியை இடுக்கிக்கொண்டு முனகியபடி திரும்பிப் போனாள். கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கோழிதான் இல்லை, பூவாவது இருக்க வேண்டாமா? விடாத மழையில் மார்க்கெட்டுக்கு லோடே வரவில்லை. அழுகின செவ்வந்தியில் ஒரு மாலை தேறியது, அதோடு சரி. வில்லியனூரிலிருந்து அடித்துப் பிடித்து வந்திறங்கிய நாத்தனார் கலைமகள் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "எத்தினி பேருக்கு எங்கப்பன் தோள் குடுத்திருப்பாரு! அவருக்குத் தெருவுல தூவ ஒரு கை பூவுக்கு வக்கில்லாமப் போச்சே!"

அந்த அழுகைதான் கலைவாணியைக் கட்டிலுக்கடியில் குனிய வைத்தது. ஒரு சாக்கை இழுத்து வந்து வாசலில் வாயைப் பிரித்து வைத்தாள். ரோஸ், தாமரை நிறம், வெளிர் மஞ்சள். வேர்த்துக் காய்ந்து விளிம்பு சுருண்ட இதழ்கள், நிஜப் பூ வாடினால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தன. ஒரு வாரமாக மூடிக் கிடந்த வானமும் அன்று மத்தியானம் பார்த்துத் திறந்துகொண்டது. சுள்ளென்று வெயில். யாருக்கு என்ன தோன்றும்?

அப்படி ஒரு சாவு ஊர்வலத்தை அந்தத் தெரு பார்த்ததில்லை. பறைச் சத்தத்துக்கு நடுவில் கை கையாக இதழ்கள் எழும்பி விழுந்தன. வாசனை மாடி வீடுகள்வரை போயிற்று. போகிற வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி, யாரோ பெரிய மனுஷர் போகிறார் என்று கும்பிட்டார்கள். பாடைக்கு முன்னால் போன இளம்பரிதி ஒருமுறை திரும்பி மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவளுக்கு உடம்பெல்லாம் நிறைந்துபோயிற்று. துக்க வீட்டில் பெருமைப்படக் கூடாதுதான். அவள் பட்டாள்.

தெரு போய்ப் பெரிய ரோட்டில் சேருகிற இடத்துக்குச் சொல்தா வீட்டு முனை என்று பேர். பிரான்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கிய ஒருவர் கட்டிய வீடு, கருங்கல் படியோடு முனையில் துருத்திக்கொண்டு நிற்கும். பாடையை அங்கே இறக்கி, தோள் மாற்றித் தூக்குவார்கள். பெண்கள் அதற்கு மேல் போகக் கூடாது, அங்கேயே விழுந்து புரண்டு அழுதுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கலைமகள் பாடையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டாள். கலைவாணி அவளை இடுப்போடு சேர்த்துக் கட்டி இழுத்தாள். மீதிப் பூவோடு சாக்கு பார்வதி கையில் இருந்தது. "அப்பா, எங்களயெல்லாம் வுட்டுட்டுப் போறியேப்பா!" என்று கதறிக்கொண்டே அவள் சாக்கை அப்படியே கவிழ்த்தாள். அடியில் கிடந்த தூளைக்கூட விடாமல் உதறினாள். கணுக்கால் மூழ்குகிற அளவுக்கு முனையில் பூ. அதை மிதித்துக்கொண்டு பாடை பெரிய ரோட்டில் திரும்பிப் போயிற்று.

பிணத்துக்குப் போட்ட பூவை யாரும் பெருக்கமாட்டார்கள், குப்பை வண்டிக்காரர் அடுத்த நாள் வந்து அள்ளுகிறவரை கிடக்கும். பெண்கள் திரும்பிப் பார்க்காமல் வந்து தலை முழுகினார்கள். கலைவாணி வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது இடி இடித்தது. வானத்துக்கு அவ்வளவுதான் பொறுமை. கொட்டித் தீர்க்க ஆரம்பித்தது. 'அடடா, பூவெல்லாம் கரைஞ்சி போயிடுமே' என்று நினைத்தாள். பூவுக்காகத்தான் அவளுக்குப் பாவமாக இருந்தது. அதற்கு மேல் அந்த நினைப்பு போகவில்லை.

சுடுகாட்டில் விறகு நனைந்துவிட்டது. ஆதிமூலம் பாதி வெந்து கிடக்கிறார், சிதைமேல் தண்ணீர் கொட்டுகிறது. "மாமா, நான் வண்டியில வூட்டுக்குப் போயி தார்ப்பாய் எடுத்துக்கிட்டு வந்துடறேன்" என்றான் ராஜா. "சீக்கிரம் வாடா" என்றான் இளம்பரிதி. அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னதற்காக அவன் பிறகு வாயிலேயே அடித்துக்கொண்டான்.

சத்தம் கேட்டுத்தான் பெண்கள் முனைக்கு ஓடினார்கள். வண்டி ஒரு பக்கம் கிடந்தது, சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ராஜா கருங்கல் படியில் தலை வைத்துப் படுத்திருக்கிறவனைப் போலக் கிடந்தான். ஓடிய வேகத்தில் கலைவாணிக்குக் கால் வாரியது. முட்டி பெயர விழுந்து, கையை ஊன்றி எழுந்தாள். கை நிறைய நுரை. மழை விழ விழ முனை முழுக்க ரோஸ் நிறத்தில் நுரை பொங்கி, சாக்கடை ஓரமாக ஒதுங்கிக்கொண்டிருந்தது. அந்த மணம், அவள் தினம் தினம் மேலில் பூசிக்கொண்டு வருகிற மணம், குப்பென்று வந்தது.

"ஐயோ ராஜா! ராஜா!" என்று பார்வதி மண்டையில் மண்டையில் அடித்துக்கொண்டாள். அவனை ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள். அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு போனாள். ஆட்டோ கண்ணை விட்டு மறைந்ததும் மணியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "சொன்னனே... கோழியக் கட்டுன்னு காலையிலயே தலப்பாடா அடிச்சிக்கிட்டனே. இழுத்துக்கிச்சி பாத்தீங்களா!"

தெரு முழுக்க அந்தப் பேச்சு பற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? மழையில் நனைந்த தெருவில் அது ஒன்றுதான் எரிந்தது.

பெரியாஸ்பத்திரியில் ராஜா அந்த ராத்திரியைத் தாண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் கலைவாணி துடைப்பத்தையும் வாளியையும் தூக்கிக்கொண்டு முனைக்குப் போனாள். இதழ் என்று ஒன்றும் மிச்சமில்லை. கூழாகித் தாரில் அப்பிக் கிடந்தது. அதில் ஒரு டயர் வழுக்கி இழுத்துக்கொண்டு போன தடம் கல்படிவரை தெளிவாகத் தெரிந்தது. தண்ணீரை ஊற்றித் தேய்த்தாள். நுரைத்தது. இன்னும் ஊற்றினாள், இன்னும் நுரைத்தது. எவ்வளவு தேய்த்தாலும் அந்த ரோடு வழவழவென்று சிரித்துக்கொண்டே கிடந்தது. பால் வாங்கப் போன ஒருத்தர் நின்று, "மாமனாரு போன மறுநாளே தெருவக் கழுவுறியே, இந்தக் காலத்துல யாரு செய்வா" என்று மெச்சிவிட்டுப் போனார். அவர் போனதும் அவள் சாக்கடை ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். இளம்பரிதி, அப்பா படுத்திருந்த இடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"என்னாங்க, கோழியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றாள். "நான் கொண்டாந்த பூவுதாங்க. மழையில சோப்பாக் கரைஞ்சி கெடந்துது. அதுலதான் வழுக்கினான். கண்ணால பாத்துட்டு வரேன்."

"தெரியும்" என்றான். "நேத்து அங்க நானும்தான் வழுக்கினேன். என் வேட்டியில பாரு."

வேட்டி மூலையில் மாட்டியிருந்தது. ஓரத்தில் ரோஸ் நிறம் காய்ந்து வெடித்திருந்தது.

"அப்ப சொல்லிடலாங்க. ஊரு பூரா உங்களத் திட்டுது. மாமாவயும் சேத்துத் திட்டுது. எல்லாத்துக்கும் நான்தான் காரணம்னு போயி அவங்க கால்ல வுழுந்துடறேன்."

"முனையில சாக்கக் கவுத்தது யாரு?"

அந்தக் கேள்வி அவளுக்குள்ளும் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தது, அவள்தான் அதன் பக்கம் திரும்பாமல் இருந்தாள்.

"பார்வதிக்கா" என்றாள் கடைசியில்.

"தெரு நெடுக நாலு இதழ் கெடந்துதே, அதுல யாராவது வுழுந்தாங்களா? முனையில குமிச்சதுலதான வுழுந்தான்? இப்ப நீ போயி பூவுன்னு சொன்னா, அந்தக்கா இன்னா நெனைக்கும்? பெத்தவளே புள்ளைக்குக் குழி வெட்டிட்டேன்னு நெனைக்காது?" அவன் சுவரிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தான். "கோழியாவே இருக்கட்டும் வாணி. எங்கப்பன் செத்துட்டாரு, அவருக்கு இனிமே வலிக்காது. நான் உசுரோடதான் இருக்கேன், தாங்கிக்கிறேன். நீ வாயத் தொறக்காத."

வாழ்க்கையில் ஒரு குறிசொல்லிக்குக்கூடக் கை நீட்டாதவன். அவன் வாயிலிருந்து கோழி என்று வந்தது.

மத்தியானம் பார்வதி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாள். நேராகத் தன் வீட்டுக்குப் போகவில்லை. இளம்பரிதி வாசலில் நின்று, குனிந்து சேற்று மண்ணை இரண்டு கையாலும் வாரினாள்.

"ஒரு கோழிடா! ஒரு கோழிக்கு வழியில்லாம என் புள்ளையக் குடுத்துட்டியே! உங்கப்பன் கொள்கைக்கு என் வூட்டு உசுருதான் கெடச்சிதா?"

மண் கதவில் விழுந்தது, அவன் மார்பில் விழுந்தது, முகத்தில் விழுந்தது. அவன் வெளியே வந்து நின்று வாங்கிக்கொண்டான். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அப்பா என்று வாய் நிறையக் கூப்பிட்ட மனுஷரை அவள் கிழவன் என்றாள், பாவி என்றாள், இன்னும் என்னென்னவோ என்றாள். உள்ளே கலைவாணி, கலைமகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் புருஷன்மேல் விழுகிற மண் நின்றுவிடும். அது அங்கிருந்து கிளம்பி யார் தலையில் போய் விழும் என்பதும் தெரிந்திருந்தது.

போலீஸ், போஸ்ட்மார்ட்டம் எல்லாம் முடிந்து மறுநாள்தான் ராஜாவைக் கொண்டுவந்தார்கள். தூறல் விட்டபாடில்லை. பந்தலுக்கடியில் பெஞ்சில் கிடத்தியிருந்தது. முகம் மட்டும் தெரிந்தது, அதிலும் பாதி கட்டு. தெருவின் கடைசியில் ஆண்கள் பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இளம்பரிதியை யாரும் கூப்பிடவில்லை, அவனே போய் வேலையில் சேர்ந்துகொண்டான். ஒருத்தரும் அவனோடு பேசவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

கலைவாணி கூட்டத்தின் ஓரமாக உட்கார்ந்தாள். பார்வதி தலையைத் தூக்கி அவளைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"வாணி, இங்க வாடி."

போனாள்.

"உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லடி. நீ இன்னா பண்ணுவ, அந்தப் பாவி புத்திக்கு." அழுது அழுது அவளுக்குக் குரல் போயிருந்தது, காற்றாக வந்தது. "அப்பாவுக்குப் போட்டியே பூவு, அது என் புள்ளைக்கும் போடுடி. மார்க்கெட்டுல ஒரு பூவு இல்லியாம். மொட்டையா அனுப்ப மாட்டேன் என் ராசாவ. பெரிய மனுஷனுக்குப் போட்ட மாதிரி, அதே மாதிரி போடணும். நானே என் கையால போடறேன்."

"அதெல்லாம் தீந்துபோச்சிக்கா."

"இருக்கு அண்ணி!" என்றாள் கலைமகள் பின்னாலிருந்து. நல்ல மனசுக்காரி, வேறென்ன சொல்ல! "கட்டிலுக்கடியில இன்னும் இருக்குதே, நீங்க மறந்துட்டீங்க." தடுப்பதற்குள் எழுந்து ஓடினாள். சாக்கைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து பந்தலில் விட்டுக் கட்டையும் அவிழ்த்தாள். ரோஸ் மணம் கிளம்பி ஊதுபத்தி வாசனையை அமுக்கியது. பெண்கள் கூடையை நீட்டினார்கள். பந்தலுக்கு வெளியே ரோடு தண்ணீரில் மினுங்கிக்கொண்டிருந்தது. பாடை தூக்கப்போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு தயாராக நின்றார்கள்.

கலைவாணி சாக்கின்மேல் விழுந்தாள். இரண்டு கையாலும் அதன் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். "போடக் கூடாது! யாரும் தொடாதீங்க!"

அழுகை நின்றுவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள்.

"ஏன்டி?" என்றாள் பார்வதி. "உங்க வூட்டுப் பொணத்துக்கு மட்டும்தான் அது பூக்குமா?"

இதற்கு மேல் என்ன பொய் சொல்வது? கலைவாணி சாக்கைக் கட்டி இழுத்துக்கொண்டு, இன்னொரு கையால் பார்வதியையும் பிடித்துக்கொண்டு, அவள் வீட்டுக்குள் போனாள். அடுப்பங்கரை இருட்டில் நிறுத்திக் காதோடு சொன்னாள்.

"அக்கா, இது சோப்பு. மழையில போட்டா வழுக்கும். ராஜா கோழியால போவல. முனையில கெடந்த இதுல ஏறித்தான் வண்டி சறுக்கிச்சி. அங்க கொட்டினது நான்தான். நான்தான்க்கா சாக்கக் கவுத்தேன். என்னக் கொன்னுடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பார்வதி தன் கையை அவள் பிடியிலிருந்து விடுவித்துக்கொண்டாள். வெளியே யாரோ இருமினார்கள்.

"நீ எங்கடி கவுத்த?" என்றாள் மெதுவாக. "நீ கலைமகளப் புடிச்சிக்கிட்டு இல்ல நின்ன."

"இல்லக்கா, நான்தான்..."

"சாக்கு என் கையில இருந்துச்சி." தன் கைகளைத் தூக்கி அந்த இருட்டில் பார்த்தாள். "உதறினேன். ஒண்ணும் தங்கக் கூடாதுன்னு நல்லா உதறினேன்."

கலைவாணி அவள் கைகளைப் பிடிக்கப் போனாள். பார்வதி பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள். திடீரென்று பாய்ந்து கலைவாணியின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தாள். முகத்தோடு முகம் வைத்துப் பேசினாள்.

"கோழின்னு சொல்லு."

"அக்கா..."

"கோழிதான்னு சொல்லுடி. சொல்லலன்னா இந்த உத்தரத்துலயே நாண்டுக்குவேன். எம் புள்ளையோட சேத்துத் தூக்கிட்டுப் போங்க."

"கோழிதான்க்கா."

"எங்கிட்ட சொல்லாத. வெளிய போயி சொல்லு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

கலைவாணி வெளியே வந்தாள். அவிழ்ந்த கூந்தலோடு பந்தலுக்கு நடுவில் நின்றாள். அத்தனை பேரும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜாவின் கால்மாட்டில் தொப்பென்று விழுந்து, மார்பில் அறைந்துகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"ஒரு கோழியக் கட்ட வுடலியே எங்க வூட்டுக்காரரு! கட்டியிருந்தா என் கண்ணு இன்னிக்கி உசுரோட இருப்பானே! கோழி கட்டாமக் கொன்னுட்டாரே!"

மணியம்மாள் அந்த வரியை அப்படியே பிடித்து ஒப்பாரியில் ஏற்றினாள். மற்ற பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பார்வதியின் குரலும் உள்ளேயிருந்து வந்து அதில் கலந்தது, போன குரல் திரும்பிவிட்டது போல எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. தெருக்கோடியில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டிருந்த இளம்பரிதி நிமிர்ந்து பார்த்தான். மனைவி தன் பெயரைச் சொல்லாமல் தன்னைத் திட்டுவதைக் கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு குனிந்து, பாடைக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான்.